துருவை மட்டும் தின்னும் ஆசிட் கிடையாது: பைக் எஞ்சின் பாகங்களை ஆசிட்டில் சுத்தம் செய்ய ஒரு வழிகாட்டி

பல வருடம் ஓரமாக நின்ற பைக்கின் எஞ்சினைப் பிரித்தால் மூன்று நிறத்தில் கேடு தெரியும். இரும்பில் செந்துரு, அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பு, பித்தளையில் பச்சைக் களிம்பு. மூன்றையும் ஒரே வாளியில் போட்டு ஒரே ஆசிட்டை ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நிறைய. காலையில் துரு போயிருக்கும். கூடவே கார்புரேட்டரின் மரையும் போயிருக்கும்.

ஆசிட்டுக்குத் துரு எது, உலோகம் எது என்று தெரியாது. துருவைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும், அது தீர்ந்ததும் உலோகத்தில் கை வைக்கும். எங்கே நிறுத்துவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஊறவைப்பது கை படாத வேலை. உலோகத்தைப் பிரிப்பது, பிசுக்கை எடுப்பது, கடைசியில் காயவைப்பது ஆகிய மூன்றில்தான் நேரம் போகும், தவறும் நடக்கும்.

ஒரு பைக் எஞ்சினுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேண்டும். சனி காலை பிரித்துக் கழுவினால் மாலையில் ஊறவைக்கலாம். ஞாயிறு காலையில் கழுவி, மதியத்துக்குள் எண்ணெய் பூசி முடிக்கலாம். மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள். காரணம் 8ஆம் படியில் வருகிறது.

1. எது எந்த உலோகம் என்று பிரியுங்கள்

பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் ஒன்று போதும். நன்றாக ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. ஒட்டாமல், வெள்ளையாக, லேசாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், கைக்குக் கனமாக இருந்தால் சிங்க் வார்ப்பு. பல கார்புரேட்டர்களின் உடம்பு இதுதான். மஞ்சளாக இருப்பது பித்தளை: கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகள், மிதவையின் ஊசிக்கு இருக்கை, சில புஷ்கள்.

காந்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் சிலிண்டர் பிளாக் முழுக்க இரும்பு, ஹெட் அலுமினியம். பல டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் அலுமினிய பிளாக்குக்குள் பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய், அதாவது லைனர், இறுக்கியிருக்கும். அதை அப்படியே ஆசிட்டில் போட்டால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் வேகமாகக் கரையும். புதிய பைக்குகள் சிலவற்றில் லைனரே கிடையாது, அலுமினியத்தின் மேல் நிக்கல் பூச்சுதான் இருக்கும். அந்த போரை, அதாவது பிஸ்டன் ஓடும் துளையை, எந்த ஆசிட்டாலும் தொடாதீர்கள்.

பிரித்த பிறகு, எந்த வாளிக்கும் போகக் கூடாதவற்றைத் தனித் தட்டில் வையுங்கள்.

வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராடு போல்ட், தலையில் 10.9 அல்லது 12.9 என்று பொறித்த போல்ட்டுகள் முதலில். ஆசிட் எஃகைத் தின்னும்போது ஹைட்ரஜன் உண்டாகும். அதில் ஒரு பங்கு கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் போல்ட் பளபளப்பாக இருக்கும். மாட்டி இறுக்கிய பிறகு, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, சொல்லாமல் முறியும். தொழிற்சாலைகளில் 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம், துருப்பிடித்த ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

பேரிங்குகள், பிரிக்காத கிராங்க், ரப்பர் சீல் ஒட்டியிருக்கும் எதுவும் வேண்டாம். இடுக்கில் புகுந்த ஆசிட்டை எந்தத் தண்ணீராலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. குரோம் பூசியவையும் சிங்க் பூசிய நட்டுகளும் கூடாது. துரு போவதற்கு முன்னால் பூச்சு போய்விடும்.

2. ஆசிட்டைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இரண்டே. இரும்புக்கு முதலில் சிட்ரிக் ஆசிட், அவசரமாக வேண்டும் என்றாலோ பெயின்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றாலோ பாஸ்பாரிக் ஆசிட்.

சிட்ரிக் வெள்ளைத் தூளாக வரும், சமையலில் பயன்படும் அதே பொருள். புகை வராது, மெதுவாக வேலை செய்யும். மெதுவாக என்பது இங்கே நல்ல குணம். தவறு நடந்தால் பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கும்.

பாஸ்பாரிக் கடையில் 85 சதத்தில் எண்ணெய் போலக் கெட்டியாக வரும். துருவைக் கரைப்பதோடு இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்லும். பிரைமர் அந்தப் படலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரும்பு பிளாக்கின் வெளிப்புற ஃபின்கள், ஸ்டாண்டு, எஞ்சின் மவுன்ட் தகடுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மற்றவற்றைப் பற்றி, ஏன் வேண்டாம் என்பதோடு:

ஹைட்ரோகுளோரிக், அதாவது தரை கழுவ விற்கும் ஆசிட். துரு பத்து நிமிடத்தில் போகும், அதனால்தான் எல்லோரும் இதைத் தேடுகிறார்கள். ஆனால் இதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அதே அறையில் தொங்கும் ஸ்பேனர், லேத், டிரில் எல்லாமே ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். குளோரைடு இரும்பின் குழிகளுக்குள் தங்கி, கழுவிக் காயவைத்த பிறகும் துருவைத் திரும்ப அழைத்து வரும். அலுமினியத்தில் பட்டால் நுரைத்துப் பொங்கும். கழிவறை கிளீனர் பலவற்றில் இருப்பதும் இதே ஆசிட்தான், நிறமும் வாசனையும் சேர்த்திருப்பதால் சாது என்று நினைக்க வேண்டாம்.

பேட்டரி ஆசிட் என்னும் சல்பியூரிக், பட்டறையில் சும்மா கிடக்கிறது என்பதற்காக எடுப்பார்கள். தோலையும் துணியையும் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். சிட்ரிக் செய்யாத எதையும் இந்த வேலையில் இது செய்துவிடப் போவதில்லை.

ஆக்ஸாலிக் துருக்கறையை அழகாக எடுக்கும், ஆனால் விஷம். உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதன் தூளை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. போர்வெல் தண்ணீரில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து பாகத்தின் மேல் படியும்.

அலாய் வீல் பளபளப்பாக்க விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டோ அதன் உப்போ இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். லேபிளில் 'ஃப்ளோரைடு' என்று எந்த வடிவத்தில் இருந்தாலும் வாங்காதீர்கள். லேபிளே இல்லாத பாட்டிலுக்கும் அதே பதில்தான்.

வினிகர், கோலா? வேலை செய்யும். வினிகரில் 4, 5 சதம்தான் ஆசிட், ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் ஆகும். கோலாவில் அதைவிடக் குறைவு, மேலே சர்க்கரைப் பிசுக்கு வேறு.

3. வாங்கும்போது: அடையாள அட்டை, விலை, எடுத்துவருவது

சிட்ரிக்குக்கு எந்தத் தாளும் வேண்டாம். மளிகைக் கடையிலும், பேக்கரிப் பொருள் விற்கும் கடையிலும் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கிலோ சுமார் 150 முதல் 300 ரூபாய். ஒரு கிலோ வாங்குங்கள், 10 லிட்டர் கரைசலுக்குப் போதும்.

பாஸ்பாரிக்குக்குக் கெமிக்கல் கடைக்குப் போக வேண்டும். ஆசிட் வீச்சு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் போட்ட உத்தரவுக்குப் பிறகு, ஆசிட் விற்கும் சில்லறைக் கடை பதிவேடு வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் முகவரியோடு கூடிய அரசு புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, எதற்கு வாங்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. ஆதார் அட்டையையும் அதன் ஒரு நகலையும் கையோடு கொண்டுபோங்கள். காரணம் கேட்டால் "வண்டி பார்ட்ஸில் துரு எடுக்க" என்று நேராகச் சொல்லுங்கள். எதுவும் கேட்காமல் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் கடையில் வாங்காதீர்கள். அந்தப் பாட்டிலில் என்ன ஆசிட், எத்தனை சதம் என்று யாருக்கும் தெரியாது. பெயர், சதவீதம், எச்சரிக்கைப் படம் மூன்றும் உள்ள லேபிளோடு வாங்கி, பில்லையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஆசிட்டோடு ரயிலில் ஏறுவது சட்டப்படி குற்றம், பஸ்ஸிலும் எடுத்துப் போகாதீர்கள். பைக்கில் வருவதானால் ஹேண்டில்பாரில் பையாகத் தொங்கவிடாமல், சிறிய பிளாஸ்டிக் வாளிக்குள் பாட்டிலை நேராக நிறுத்தி, சுற்றிலும் துணி திணித்துக் கட்டுங்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: ஆப்ப சோடா 2 கிலோ, புளிப்பு அளவைக் காட்டும் பி.எச். தாள் ஒரு கட்டு, முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை, கண்ணைச் சுற்றி முழுதாக மூடும் ரசாயனக் கண்ணாடி, ரப்பர் ஏப்ரன். கையுறை, கண்ணாடி, ஏப்ரன் மூன்றுக்கும் சேர்த்து 600 முதல் 1000 ரூபாய் வரை ஆகும். ஆசிட்டைவிட இவற்றுக்கு அதிகம் செலவாவதைப் பார்த்துக் கை சுருங்கும். கண்ணாடியில் மட்டும் சுருக்காதீர்கள்.

4. இடத்தையும் உடம்பையும் தயார் செய்யுங்கள்

வெட்டவெளி அல்லது இரண்டு பக்கமும் திறந்த ஷெட். பாத்ரூமில் செய்யாதீர்கள். காற்று ஓடாது என்பது ஒன்று. அங்கே பிளீச்சிங் பவுடர் இருக்கும் என்பது இன்னொன்று. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது ஆளையே கொல்லும்.

பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். குழாய் இல்லையென்றால் 20 லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு மக்கும் கை எட்டும் தூரத்தில். கால்சட்டை ஷூவுக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் சிந்தியது நேராக ஷூவுக்குள் போகும். வெறும் செருப்போடு வேண்டாம். துணி முகக்கவசம் தூசிக்குத்தான் உதவும், ஆசிட் புகையை வடிகட்டாது.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் குறையாமல் இமையைத் திறந்து பிடித்துத் தண்ணீரை ஓடவிடுங்கள், பிறகு மருத்துவமனை. லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். தோலில் பட்டால் துணியைக் கழற்றித் தண்ணீர் மட்டும். தோலிலும் கண்ணிலும் ஆப்ப சோடா போடாதீர்கள், அது தரையில் சிந்தியதற்கு மட்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறும்போது தொண்டையை இரண்டாவது முறை பொசுக்கும். உடனே 108.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலை முடியும் வரை ஒருவர் அவர்களோடு இருக்கட்டும்.

5. எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்

ஆசிட் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தப் படியில்தான் தவறியிருப்பார்கள். எஞ்சின் பாகம் என்றாலே எண்ணெய்ப் படலம் உண்டு, ஆசிட் அதைத் தாண்டாது. திட்டுத் திட்டாகத் துரு போகும். இன்னும் வலுவான ஆசிட்டை ஊற்றத் தோன்றும், பிசுக்கு இல்லாத இடம் அதற்குள் அரித்துப்போகும்.

முதலில் டீசலில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிறகு சூடான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை. டீசல் மேலேயே இருக்க நேராக ஆசிட்டில் போடக் கூடாது. உதிரும் துருவை வயர் பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள், ஆசிட்டின் வேலை பாதியாகும். அலுமினியத்துக்கு இரும்பு வயர் பிரஷ் வேண்டாம், பித்தளை பிரஷ் அல்லது நைலான்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. சுத்தமான தண்ணீரைப் பாகத்தின் மேல் ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள்.

6. கரைசலைக் கலக்குங்கள்

பாத்திரம் பிளாஸ்டிக்தான். 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் கழுவி எடுத்தால் போதும். அலுமினியம், பித்தளை, தகர வாளி எல்லாவற்றையும் ஆசிட் அரிக்கும். ஆக்ஸில் மாதிரி நீளமானவற்றுக்கு, ஒரு முனையில் மூடி ஒட்டிய 4 அங்குல பி.வி.சி. குழாயை நிறுத்தி வைத்தால், அரை மீட்டர் உயரத்துக்கு 4 லிட்டரே போதும். பெரிய வாளியில் சின்னப் பாகம் என்றால், தண்ணீர் நிரப்பி மூடிய பிளாஸ்டிக் பாட்டில்களை உள்ளே போட்டு மட்டத்தை ஏற்றுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தண்ணீர், பிறகு ஆசிட். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் விழுந்த இடத்திலேயே சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். நீர்த்த ஆசிட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை என்பார்கள். கைக்குப் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும்.

சாதாரண சிட்ரிக்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். வெதுவெதுப்பான தண்ணீர் சீக்கிரம் கரைக்கும்.

பதப்படுத்திய சிட்ரிக்: ஒரு லிட்டருக்கு சிட்ரிக் 100 கிராம், கரைந்த பிறகு ஆப்ப சோடா 63 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள், மொத்தமாகக் கொட்டினால் நுரை வாளியைத் தாண்டும். இதனால் புளிப்பு குறைகிறது, ஆனால் சிட்ரேட் துருவில் இருக்கும் இரும்பைப் பிடித்து இழுக்கும் வேலை தொடர்கிறது. நல்ல இரும்பைத் தின்பது வெகுவாகக் குறையும். மெஷின் செய்த பரப்பு உள்ள எந்த இரும்புப் பாகத்துக்கும் எங்கள் தேர்வு இதுதான்.

பாஸ்பாரிக்: 900 மி.லி. தண்ணீரில் 85 சத ஆசிட் 100 மி.லி. எடைக் கணக்கில் ஏறக்குறைய 13 சதம். இதற்கு மேல் கெட்டியாக்கினால் வேகம் பெரிதாகக் கூடாது, பாகத்தின் மேல் படியும் வெள்ளைப் பாஸ்பேட் பொடி மட்டும் கூடும்.

வாளியின் மேல் மார்க்கரால் பெயர், அளவு, தேதி எழுதுங்கள்.

7. ஊறவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள்

பாகத்தை நைலான் கயிற்றில் கட்டி முழுதாக முக்குங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றால் கரைசலின் மட்டத்தில் காற்றும் ஆசிட்டும் சேர்ந்து கத்தியால் கீறியது போல ஒரு கோடு அரிக்கும். அது பிறகு போகவே போகாது. குழிவான பாகத்தைச் சாய்த்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக் குமிழி நின்ற இடத்தில் துரு அப்படியே இருக்கும். இரும்பையும் அலுமினியத்தையும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள்.

நேரக் கணக்கு, சுமார் 30 டிகிரி வெயில் காலத்துக்கு: சாதாரண சிட்ரிக்கில் லேசான துருவுக்கு 2 மணி, தடித்த துருவுக்கு 6 முதல் 8 மணி. பதப்படுத்தியதில் 12 முதல் 24 மணி. பாஸ்பாரிக்கில் 15 நிமிடம் முதல் 2 மணி. குளிர் நாளில் கூடும். சூடாக்கினால் வேகம் ஏறும் என்பது உண்மை, அதற்காக அடுப்பில் ஏற்றாதீர்கள். வெயிலில் வைத்தாலே போதும்.

இரவு முழுக்க விடலாம் என்பது பதப்படுத்திய சிட்ரிக்குக்கு மட்டும். மற்ற இரண்டையும் அரை மணிக்கு ஒருமுறை எடுத்து, பிரஷால் தேய்த்து, பார்த்துத் திரும்பப் போடுங்கள். வார்ப்பிரும்பை அதிகம் ஊறவிட்டால் இரும்பு கரைந்து, அதிலிருக்கும் கிராஃபைட் கறுப்பு மசியாக மேலே நிற்கும். தேய்த்தால் கையில் ஒட்டும். கொஞ்சம் ஒட்டினால் பயமில்லை, தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் எல்லை தாண்டிவிட்டது.

குமிழிகளைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் மெல்லிய குமிழி வருவது சரி. துரு போன பிறகு குமிழி கூடினால் அது ஹைட்ரஜன், உலோகம் கரைகிறது என்று அர்த்தம். வாளியை இறுக்கி மூடாதீர்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. கரைசல் அடர் பச்சையோ கறுப்போ ஆகி, புதுத் துருவில் வேலை செய்யாமல் நின்றால் அது தீர்ந்துவிட்டது. மேலும் ஆசிட் சேர்க்காமல் புதிதாகக் கலக்குங்கள்.

சிலிண்டரின் இரும்பு போரை மட்டும் முக்க வேண்டாம். பாஸ்பாரிக் கரைசலில் நனைத்த துணியால் துரு உள்ள இடத்தை ஐந்து நிமிடம் தேய்த்து, உடனே கழுவுங்கள். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. துரு இருந்த இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால், ஆசிட் அதை நிரப்பாது. அடுத்தது லேத் பட்டறை, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய, அதாவது ஓவர்சைஸ், பிஸ்டனுக்குப் போர் போட வேண்டியதுதான்.

8. வெளியே எடுத்த பிறகு வரும் பத்து நிமிடம்

ஆசிட்டிலிருந்து வந்த இரும்பு வெறும் உடம்போடு நிற்கிறது. ஈரத்தோடு காற்றில் வைத்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆரஞ்சு நிறம் படரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களிலும், எங்கேயும் மழை நாளிலும் இன்னும் வேகம். எனவே பாகத்தை எடுப்பதற்கு முன்பே கீழே உள்ளவை எல்லாம் வரிசையாகத் தயாராக இருக்க வேண்டும்.

முதல் வாளியில் நல்ல தண்ணீர், ஒரு நிமிடம் பிரஷால் தேய்த்து. இரண்டாவதில் லிட்டருக்கு 30 கிராம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், ஐந்து நிமிடம். மரைத் துளைகளிலும் ஆயில் ஓட்டைகளிலும் சிரிஞ்சால் பீய்ச்சி. மூன்றாவதில் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர், இடுக்கியால் பிடித்து இரண்டு நிமிடம். பாகமே சூடேறிவிடுவதால் வெளியே எடுத்ததும் தானாக உலரும். உடனே காற்று அடியுங்கள், முக்கியமாக ஓட்டைகளுக்குள். கம்ப்ரஸர் இல்லையென்றால் ஹேர் டிரையர்.

சூடு ஆறுவதற்குள் எண்ணெய். உள்ளே போகும் பாகத்துக்கு எஞ்சின் ஆயில். பெயின்ட் அடிக்கப்போகும் பாகத்துக்கு எண்ணெய் வேண்டாம், அன்றைக்கே பிரைமர். பாஸ்பேட் படலத்தை நம்பி ஒரு வாரம் விடாதீர்கள், அது வெறும் அடித்தளம்.

கழுவும்போது ஓட்டை எண்ணிக்கை முக்கியம். பிளாக்கில் எத்தனை ஆயில் வழி, எத்தனை மரைத் துளை என்று முதலிலேயே தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் பீய்ச்சிய பிறகு டிக் போடுங்கள். ஒரு துளையில் மிஞ்சிய ஆசிட் போதும், ஸ்டட் அங்கேயே இறுகிப்போக.

9. பெட்ரோல் டேங்க்: தனிக் கவனம்

டேங்க் எஞ்சின் பாகம் இல்லை, ஆனால் துரு எஞ்சினுக்குள் போவதே அதன் வழியாகத்தான். இப்போது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் துரு பிடிப்பது இதனால் இன்னும் எளிது.

பெட்ரோலை வடித்து, டேப்பையும் மீட்டர் மிதவையையும் கழற்றி, சோப்புத் தண்ணீரால் மூன்று முறை, பெட்ரோல் வாடை சுத்தமாகப் போகும் வரை கழுவுங்கள். வாடை இருக்கும்போது ஆசிட் ஊற்றினால் பெட்ரோல் ஆவியும் ஹைட்ரஜனும் ஒரே டப்பாவுக்குள் சேரும்.

ஓட்டைகளை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். வெளிப் பெயின்ட்டின் மேல் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். 20 சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு ஐந்து நிமிடம் குலுக்குங்கள். 20-ஐயும் எண்ணி வெளியே எடுங்கள். 19 வந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

12 லிட்டர் டேங்குக்கு 1.2 கிலோ சிட்ரிக், விளிம்பு வரை தண்ணீர். மேலே காலி விட்டால் அங்கே துரு நிற்கும். மூடியைத் திருகாமல் துணி மட்டும் போட்டு வையுங்கள், வாயு வெளியேற வேண்டும். 8 மணி நேரம். இடையில் அடியில் கசிவு தெரிந்தால் ஆசிட் ஓட்டை போட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே தகடு முன்பே தின்னப்பட்டு, துருதான் அடைப்பாக நின்றிருக்கும். ரோட்டில் கசிவதைவிட வாளியில் கசிவது நல்லது.

வடித்து, ஆப்ப சோடாத் தண்ணீர், வெந்நீர் இரண்டு முறை. பிறகு 200 மி.லி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றிச் சுழற்றி வடித்தால் ஒட்டியிருக்கும் ஈரத்தைக் கொண்டுபோகும். அது முழுக்க ஆவியான பிறகுதான் ஹேர் டிரையர். ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். கடைசியாக டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான 100 மி.லி. டூ-டி ஆயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள். வண்டியில் மாட்டிய அன்றே பெட்ரோலை முழுதாக நிரப்பி, டேப்புக்குக் கீழே புது ஃபில்டர் போடுங்கள்.

10. அலுமினியம், கார்புரேட்டர், பித்தளை

வெள்ளைப் பூப்புக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் சிட்ரிக் போதும், ஐந்து நிமிடம், கழுவு, பார். தேவைப்பட்டால் இன்னொரு ஐந்து நிமிடம். கறுத்துவந்தால் நிறுத்திவிடுங்கள். காஸ்டிக் சோடா ஆசிட் இல்லை, ஆனால் அலுமினியத்தை ஆசிட்டைவிட வேகமாகக் கரைக்கும். அடைப்பு நீக்கும் பொடிகளில் இருப்பது அதுதான்.

சிங்க் கார்புரேட்டர் உடம்பை ஆசிட்டிலேயே போடாதீர்கள். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் நைலான் பிரஷும்தான் அதற்கு. ஜெட்டுகளைக் கழற்றிச் சிட்ரிக்கில் பத்து நிமிடம் போடலாம். வீட்டுப் பித்தளைச் செம்புக்குப் போடும் புளியே போதும், என்ன, நார் ஓட்டையை அடைக்கும். ஜெட் ஓட்டையில் கம்பி விடாதீர்கள், அளவு மாறிவிடும், காற்று மட்டும்.

11. மிஞ்சிய கரைசல்

கிணற்றுப் பக்கமோ மண்ணிலோ தெருச் சாக்கடையிலோ அப்படியே ஊற்றாதீர்கள். பெரிய வாளியில் ஊற்றி, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரை நிற்கும் வரை கிளறுங்கள். புதுக் கரைசலுக்கான கணக்கு: சிட்ரிக் 100 கிராமுக்குச் சோடா சுமார் 130 கிராம், பதப்படுத்தியதில் 63 கிராம் ஏற்கெனவே போயிருப்பதால் மீதி மட்டும். 85 சதப் பாஸ்பாரிக் 100 மி.லி.க்கு சுமார் 200 கிராம். பழைய கரைசலுக்குக் குறைவாகவே தேவைப்படலாம், பி.எச். தாளைப் பார்த்து நிறுத்துங்கள். கழிவுநீருக்கு இந்தியாவில் பொதுவான வரம்பு பி.எச். 5.5 முதல் 9 வரை. நீங்கள் 7-ஐ ஒட்டி நிறுத்தினால் சரி.

இரவு அசையாமல் வைத்தால் இரும்புச் சேறு அடியில் படியும். சிட்ரேட் இருந்தால் எல்லாம் படியாது, நிறமாகவே நிற்கும். அதற்கு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கழிவறைக் குழாயில் விடுங்கள், அன்றைக்கு அங்கே பிளீச்சிங் பவுடர் போடாமல். சேற்றைச் செய்தித்தாளில் வடித்து, உலர்த்தி, பட்டறைக் குப்பையோடு சேருங்கள்.

பாட்டிலில் மிஞ்சிய பாஸ்பாரிக் அதன் சொந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கு மாற்றக் கூடாது. பூட்டு உள்ள அலமாரியில், கண் மட்டத்துக்குக் கீழ்த் தட்டில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது முகத்தில் விழும். சிட்ரிக் தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, 'துரு' என்று பெரிதாக எழுதி, சமையலறைக்குள் திரும்பப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் அதுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.